அம்மாவுக்குப் பல் தேய்ச்சா ரத்தம்; அப்பாவுக்கு ரத்தமே இல்லை, ஆனா பல் ஆடுது. யாருக்கு முத்தியிருக்கு?

ஆலங்குளத்தான் கேட்டது:

வீட்ல ரெண்டு பேருக்குப் பல் தொந்தரவு. விவரத்தை மட்டும் போடுதேன், விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அம்மாவுக்கு 51 வயசு. பீடி சுத்துதாவ; குடிக்கிற பழக்கம், போயிலை போடுற பழக்கம் எதுவும் கிடையாது. பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம், துப்பினா சிவப்பாத்தான் வருது. பல் ஒண்ணும் ஆடலை. ரத்தத்துக்குப் பயந்து பிரஷ்ஷைக் கீழ வச்சிட்டு விரலால பல்பொடி போட்டுத் தேய்க்காவ.

அப்பாவுக்கு 57. 30 வருஷமாப் பீடி. சுகருக்கு மாத்திரை, பிரஷருக்கு அம்லோடிபின். ரத்தம் சொட்டுக்கூட வாரதில்லை. ஆனா கீழ்வரிசை முன்பல்லுக்கு உள்பக்கம் காரை, சிமெண்டு வச்சுப் பூசின மாதிரி கெடக்கு. அதுல ரெண்டு பல் நாக்கால தள்ளினாலே அசையுது. வலது மேல் கடவாப்பல்லுகிட்ட அப்பப்ப சீழ் ருசி வருதாம்.

"ரத்தம் உனக்குத்தானே வருது, நீ போ ஆஸ்பத்திரிக்கு"ன்னு அம்மாவைச் சொல்லுதாவ அப்பா.

ரெண்டு பேருல யாருக்கு முத்தியிருக்கு? காரையை எடுத்தா மத்த பல்லும் ஆடிரும்னு ஊருல சொல்லுதாவளே, நெசமா? எங்க பக்கம் போர் தண்ணி உப்பு, அதுதான் காரையாப் படியுதா? வேப்பங்குச்சிக்கு மாறினா சரியாவுமா?

---

பொருநைக்கரை பதில்:

அப்பாவுக்குத்தான் தம்பி முத்தியிருக்கு. ரத்தம் வரலைங்கிறதை நல்ல சேதின்னு எடுத்துக்கிட்டதுதான் இங்க சிக்கல்.

ஈறு பல்லோட விளிம்புலயே ஒட்டியிருக்கும்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல சின்ன சந்து இருக்கே, அதே மாதிரி ஈறு விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவுல ஒரு சந்து உண்டு. நல்ல ஈறுல அதோட ஆழம் 1 முதல் 3 மி.மீ. அதுக்குக் கீழதான் ஈறு பல்லை இறுக்கிப் பிடிச்சிருக்கும். இன்னும் கீழ, வேரையும் தாடை எலும்பையும் நார் நாரா ஒரு திசு கட்டி வச்சிருக்கும். பல் எலும்புல நேரா ஊணி நிக்கலை, அந்த நாருல தொங்குதுன்னு வச்சுக்கோங்க.

ராத்திரி தேய்க்காமப் படுத்து, காலையில பல்லடியில நகத்தை வச்சு இழுத்தா வெள்ளையா மாவு மாதிரி வரும் பாருங்க. அது சோத்து மிச்சம் இல்லை, பூரா கிருமி. அதைத் தினமும் கலைக்காம விட்டா ஈறு விளிம்பு சிவந்து வீங்கும், தொட்டா ரத்தம் வரும். 1965ல டென்மார்க்குல 12 பேரைப் பல் தேய்க்காம இருக்கச் சொல்லிப் பாத்தாங்க. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிட்டு. மறுபடி தேய்க்கச் சொன்னதும் ஒரு வாரம் போல இறங்கிட்டு. உங்க அம்மா இருக்கிறது அனேகமா இந்தக் கட்டம். பல் ஆடலைங்கிறதை வச்சுச் சொல்லுதேன். அளந்து பாத்தாத்தான் உறுதி. இது முழுசாத் திரும்புற கட்டம், எலும்புக்கு இன்னும் சேதம் வந்திருக்காது.

அப்பாவோடது அடுத்த கட்டம். வீக்கம் வருஷக்கணக்கா இருந்து, ஈறு ஒட்டியிருந்த இடம் விட்டுப்போய், சந்து 5, 6 மி.மீ. பையா மாறும். பைக்குள்ள கிருமி, சுத்தி எலும்பு கரையும். இந்தக் கரைஞ்ச எலும்பு தானா வளராது. நம்ம ஊருல பயோரியாங்கிறது இதைத்தான். ஆடுற பல், சீழ் ருசி ரெண்டும் இதுக்கு அத்தாட்சி.

அப்ப ரத்தம் ஏன் வரலை? பீடி. புகை போற வாயில ஈறோட எதிர்ப்பு மந்தப்பட்டுப்போகும், சின்ன ரத்தக்குழாய் தடிச்சு எட்டிப் பாக்காது. ஈறு வெளிறி, கெட்டியா, பாக்கிறதுக்கு நல்லாவே இருக்கும். உள்ள எலும்பு போய்க்கிட்டே இருக்கும். இன்னொண்ணையும் இப்பவே சொல்லி வச்சிருங்க: பீடியை விட்ட சில வாரத்துல ஈறுல ரத்தம் கூடுதலாத் தெரியலாம். "பீடியை விட்டதுலதான் வந்துது"ன்னு மறுபடி பத்த வச்சிருவாவ. ஈறு உணர்ச்சிக்கு வருதுன்னு அர்த்தம், பயப்பட ஒண்ணுமில்லை.

"எங்க தாத்தா பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை, 80 வயசுலயும் முறுக்கு கடிச்சாரு"ன்னு யாராவது வருவாங்க. அதுக்கும் கணக்கு இருக்கு. இலங்கையில தேயிலைத் தோட்டத்து ஆம்பிளைத் தொழிலாளிங்க 480 பேரை 1970ல இருந்து 15 வருஷம் கவனிச்சாங்க. பல் தேய்க்கிற வழக்கமே இல்லாதவங்க. எல்லாருக்கும் அழுக்கு, எல்லாருக்கும் ஈறு வீக்கம். அதுல 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமா ஓடுச்சு, 81 சதவீதம் பேருக்கு நிதானமா, 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டிப் போகவே இல்லை. தாத்தா அந்த 11ல ஒருத்தர். பேரன் எந்தக் கணக்குல வருவான்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது.

---

ஹைகிரவுண்டு ரோடு பதில்:

காரை எடுத்தால் பல் ஆடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தப் பயத்தால் பல்லை இழந்தவர்கள்தான் அதிகம்.

பல்லைத் தாங்குவது எலும்பு. எலும்பு கரைந்த பல் ஏற்கெனவே ஆடும் பல்தான். அதன் மேல் காரை கெட்டியாக ஏறி, பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டு வைத்தாற்போல் பிடித்திருக்கும். இடிந்த சுவரில் படர்ந்த கொடி மாதிரி. கொடியை அறுத்ததும் சுவர் அசைந்தால் குற்றம் அறுத்தவன் மேல் வந்துவிடுகிறது. காரை இருக்கும்வரை அதன் சொரசொரப்பில் கிருமி குடியிருக்கும், எலும்பு மேலும் இறங்கும். எடுத்த பிறகு ஈறு சுருங்கி இறுகும்; லேசான ஆட்டம் பல சமயம் குறையவும் செய்யும். பல்லிடுக்கில் சந்து தெரியும், அது உண்மை. வீங்கிய ஈறும் காரையும் அடைத்திருந்த இடம் அது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை கூசும், பிறகு தணியும்.

தண்ணீர் விஷயம். உப்புத் தண்ணீருக்கும் காரைக்கும் சம்பந்தமில்லை. காரையாக இறுகும் சுண்ணச்சத்து எச்சிலிலிருந்தே வருகிறது. கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நாக்கின் அடியைக் கீழே பிடித்திருக்கும் சவ்வு மடிப்புக்கு இரு பக்கமும் இரண்டு சின்ன மேடு தெரியும். புளியை நினைத்தாலே அங்கிருந்து எச்சில் சுரக்கும். எதிரே இருப்பது கீழ் முன்பல்லின் உள்பக்கம். அப்பாவுக்குக் காரை எங்கே என்று எழுதியிருக்கிறீர்கள்? அங்கேயேதான். காரை அதிகம் சேரும் இன்னொரு இடம் மேல் கடவாய்ப்பல்லின் கன்னப்பக்கம். அங்கும் ஓர் எச்சில் குழாய் திறக்கிறது. குடிதண்ணீர்தான் காரணம் என்றால் வாய் முழுக்க ஒரே சீராக அல்லவா படிந்திருக்க வேண்டும்? மெத்தென்று இருக்கும் அழுக்கு சில நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் கல்லாகிவிடும். கல்லான பின் எந்தப் பிரஷ்ஷாலும் வராது. நகத்தாலோ குண்டூசியாலோ நோண்டினால் ஈறுதான் கிழியும்.

மருத்துவரிடம் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் அப்பாவுக்குத் தயக்கம் குறையும். முதலில் மி.மீ. கோடு போட்ட மழுங்கிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் ஆறு இடத்தில் அளப்பார்கள். 3 வரை சரி, 4ம் அதற்கு மேலும் பை. எலும்பு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எக்ஸ்ரே. பிறகு நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும் முனையால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே காரையை உதிர்ப்பார்கள். அம்மாவுக்கு அனேகமாக இதோடு வேலை முடிந்துவிடும். அப்பாவுக்கு ஈறுக்கு அடியிலும் சுரண்ட வேண்டியிருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, வாயை நான்காகப் பிரித்து இரண்டு மூன்று வருகையில் செய்வார்கள். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் 5, 6 மி.மீ. இருந்து ரத்தமோ சீழோ வந்தால், ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைக்கும் சிறு அறுவை. ஆடும் இரண்டு பல்லைப் பக்கத்துப் பல்லோடு மெல்லிய கம்பி வைத்து உள்பக்கமாகக் கட்டலாம். எடுத்தே ஆகவேண்டும் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

போகிற அன்று கவனிக்க வேண்டியது: சுகர் மாத்திரை போட்டு, சாப்பிட்டுவிட்டுக் காலையிலேயே போவது நல்லது. வெறும் வயிற்றோடு போய் நாற்காலியில் மயங்குபவர்கள் உண்டு. எல்லா மாத்திரைச் சீட்டையும் கையில் கொண்டு போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதைத் தானாக நிறுத்தக்கூடாது, சொல்ல மட்டும் வேண்டும். செயற்கை இதய வால்வு வைத்தவர் முன்னதாகவே சொல்ல வேண்டும். அவருக்குச் சுத்தம் செய்யும் முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். பல்லிடுக்கு ஈறு உருண்டு, பல்லின் மேல் ஏறி வரும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயினும் அப்படித்தான். அப்பாவுக்கு அப்படித் தெரிந்தால் பல் மருத்துவரே பிரஷர் பார்க்கும் மருத்துவருக்கு எழுதிக் கொடுப்பார், மாற்று மாத்திரை இருக்கிறது. நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையிலும் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. காவல்கிணறு பக்கம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த மாதிரிக் கல்லூரிகளில் ஈறுக்கென்றே தனித்துறை இருக்கும். முற்றிய நோய்க்கு அது வசதி.

---

சாரல் பதில்:

அம்மாவுக்கு நான் சொல்லுதேன். ரத்தம் வர்ற இடத்தை விட்டுட்டுத் தேய்க்காதீங்க, அங்கதான் கூடுதலாத் தேய்க்கணும். ரத்தம் வந்ததுக்குக் காரணம் பிரஷ் குத்தினதில்லை, அங்க அழுக்கு நின்னது. அம்மா பிரஷ்ஷை விட்டாங்க, அழுக்கு கூடிச்சு, ரத்தம் கூடிச்சு. இந்தச் சுத்துலதான் மாட்டியிருக்காங்க.

மெதுவான நார் உள்ள, தலை சின்னதா இருக்கிற பிரஷ் வாங்குங்க. பேஸ்ட் பட்டாணி அளவு போதும், ஃபுளோரைடு உள்ளதா இருக்கட்டும். பிரஷ்ஷைக் கை முஷ்டியில பிடிக்காம பேனா மாதிரி பிடிக்கணும், அப்பதான் அழுத்தம் குறையும். நார் பாதி பல்லுலயும் பாதி ஈறு விளிம்புலயும் படுற மாதிரி, ஈறைப் பாத்துச் சாய்ச்சு வைக்கணும். 45 டிகிரி சாய்வு. வச்ச இடத்துலயே லேசா அதிர வைக்கிற மாதிரி பத்துத் தடவை, பிறகு பல் நுனிப் பக்கமா உருட்டி எடுக்கணும். அடுத்த ரெண்டு பல்லுக்கு நகரணும். ரம்பம் அறுக்கிற மாதிரி குறுக்க இழுக்கக் கூடாது.

எல்லாரும் வெளிப்பக்கம் முன்பல்லுல ஆரம்பிப்பாங்க. உள்பக்கத்துக்கு வரும்போது அலுத்துரும். தலைகீழா ஆரம்பிங்க. முதல்ல கீழ்வரிசை உள்பக்கம். முன்பல்லு உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷை நட்டமா நிமித்தி, நுனி நாரால ஒவ்வொரு பல்லா ஈறுல இருந்து மேல இழுக்கணும். எல்லாம் சேத்து 2 நிமிஷம், ராத்திரியும் காலையிலயும். ஒரு நேரம்தான் முடியும்னா ராத்திரியை விடாதீங்க. தூங்கும்போது எச்சில் ஊறுறது குறைஞ்சு கிருமிக்கு வசதியாயிரும். நார் விரிஞ்சுட்டா, இல்லைன்னா 3 மாசத்துல, பிரஷ்ஷை மாத்துங்க. விரிஞ்ச நார் ஈறு விளிம்புல நிக்காது, வழுக்கிக்கிட்டுப் போகும்.

பிரஷ் எவ்வளவு தேய்ச்சாலும் பல்லும் பல்லும் சேர்ற இடுக்குக்குள்ள போகாது. ஈறு நோய் ஆரம்பிக்கிறதே அங்கதான். இடுக்கு நெருக்கமா இருந்தா பல்லிடுக்கு நூல்: ஒரு முழம் அளவு, 40-45 செ.மீ. எடுத்து நடுவிரல் ரெண்டுலயும் சுத்திக்கிட்டு, நடுவுல ஒரு அங்குலம் மட்டும் விடணும். வெடுக்குன்னு இறக்கினா ஈறு வெட்டுப்படும், அறுக்கிற மாதிரி மெதுவா இறக்கி, ஒரு பல்லை அணைச்சு ஈறுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் மேலும் கீழும் அஞ்சாறு தடவை. அப்புறம் அடுத்த பல்லோட பக்கம். அப்பாவுக்கு மாதிரி சந்து பெருசா இருந்தா நூல் பத்தாது. பாட்டில் கழுவுற பிரஷ்ஷைக் குட்டியாக்கின மாதிரி இடுக்குப் பிரஷ் பெரிய மெடிக்கல்ல கிடைக்கும். சின்ன சைஸ்ல இருந்து பெரிசு வரை பல கலர்ல வரும். நுழையும்போது நார் இடுக்கோட ரெண்டு சுவத்தையும் தொடணும், ஆனா நடுக்கம்பி எங்கயும் உரசக் கூடாது. ஒரே வாய்க்கு ரெண்டு சைஸ் தேவைப்படுறது சாதாரணம். முத தடவை டாக்டர்கிட்டயே அளவு பாத்துச் சொல்லச் சொல்லுங்க.

ஈர்க்குச்சி, ஊக்கு, தீக்குச்சி எதையும் இடுக்குல விட வேண்டாம்.

முதல் மூணு நாலு நாள் ரத்தம் வரத்தான் செய்யும். ஒரு வாரம், பத்து நாள்ல கண்ணுக்குத் தெரியக் குறையணும். 2 வாரமாகியும் அதே மாதிரி இருந்தா அனேகமா ஈறுக்கடியில காரை இருக்குன்னு அர்த்தம். சுத்தம் பண்ணித்தான் ஆகணும். அம்மாவுக்கும் ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துருங்க. ஈறோட சேத்து மூக்குலயும் ரத்தம், தோல்ல காரணமில்லாம நீலத் தடம், காய்ச்சல் இப்படி ஏதாவது இருந்தா பல் டாக்டருக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே பொது டாக்டரைப் பாருங்க.

வெதுவெதுப்பான தண்ணி ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கலாம். இதமா இருக்கும், ஆனா அழுக்கைக் கலைக்காது. மெடிக்கல்ல தர்ற கொப்பளிக்கிற மருந்து குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம்னா 10 மி.லி., அரை நிமிஷத்துக்குக் குறையாம, ரெண்டு வேளை, டாக்டர் சொல்ற ரெண்டு வாரத்துக்கு மட்டும். பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச உடனே ஊத்தினா நுரைச் சரக்கு அதோட வீரியத்தைக் கெடுத்துரும், அரை மணி நேரம் விடுங்க. மாசக்கணக்கா ஊத்தினா பல்லு காப்பிக் கலர் ஆகும், டீ குடிக்கிறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். நாக்கு ருசியும் மாறும்.

பீடி சுத்தின கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வாய்க்குள்ள விரல் விடணும், இதை மட்டும் மறக்காமச் சொல்லுங்க.

---

கருக்குமட்டை பதில்:

குச்சி விஷயத்துக்கு யாரும் வரவில்லை. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதை எல்லாரும் சொல்கிறோம். அதில் வேல் என்பது வேம்பு அல்ல, கருவேல். நாட்டுக் கருவேலம்பட்டையில் துவர்ப்பு அதிகம், ஈறைச் சுருக்கும். இன்று நம் குளத்துக்கரையெல்லாம் அடைத்து நிற்கும் சீமைக்கருவேல் வேறு மரம், வெளிநாட்டிலிருந்து வந்தது. பழமொழியை நம்பி அதை ஒடித்துப் பல் விளக்க வேண்டாம்.

வேப்பங்குச்சி கெட்டதில்லை. சுண்டுவிரல் பருமன் இளங்குச்சியாக எடுத்து, நுனியை நன்றாகக் கடித்து நாராக்கி, ஈறிலிருந்து பல் நுனிப் பக்கமாக இழுத்தால் வெளிப்பக்கம் ஓரளவு சுத்தமாகும். ஆனால் குச்சியைக் கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்கு வளைக்க முடிகிறதா என்று பாருங்கள். காரை ஏறியிருப்பது அங்கே. நார் படாமல் கட்டை முனையால் குறுக்கே தேய்ப்பவர்களுக்கு ஈறு இறங்கி வேர் தெரியும். பழக்கம் விட மனமில்லையென்றால் காலையில் குச்சி, ராத்திரி பிரஷ் என்று வைத்துக்கொள்ளட்டும்.

பொடிதான் பெரிய கெடுதல். உமிக்கரி, செங்கல்தூள், அடுப்புக்கரி எல்லாம் உப்புத்தாள் ஜாதி. பல்லைப் பளிச்சென்று காட்டும், காரணம் மேல்தோலைச் சீவிவிடுகிறது. ஈறோரம் வேரில் எனாமல் என்ற அந்தக் கெட்டி மேலோடு கிடையாது, அங்கே பள்ளம் விழும். ஆப்பு வடிவில் வெட்டியது போல இருக்கும், அப்புறம் மோர் குடித்தாலும் கூசும். அம்மா போடும் பொடியைச் சிட்டிகை எடுத்து ஈரமான இரண்டு விரலுக்கு நடுவே நெருடிப் பாருங்கள். மணல் நெருடினால் தூக்கிப் போடுங்கள். புகையிலை கலந்த பொடி சில இடத்தில் இன்னும் ஓடுகிறது. பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்ப்பதை 1992லேயே தடை செய்துவிட்டார்கள். தேய்த்ததும் தலை லேசாகச் சுற்றிச் சுறுசுறுப்பு வந்தால் சந்தேகப்படுங்கள்.

பல்வலிக்குக் கிராம்புத் தைலத்தை ஈறில் அப்புவதும், புகையிலைத் துணுக்கை ஓரத்தில் அடக்குவதும் ஈறைப் புண்ணாக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பும் சுடும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டோ இருந்தால் அது ஈறு நோய் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். முப்பது வருடப் பீடிக்காரருக்கு அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு பற்றியும் கேட்பீர்கள். செய்யலாம், கெடுதல் இல்லை. தேய்ப்பதற்குப் பதிலாக அல்ல.

---

ஆலங்குளத்தான்:

எல்லாருக்கும் நன்றி அண்ணாச்சி. பொடியை நெருடிப் பாத்தேன், மணலேதான். அம்மாவுக்கு ஹைகிரவுண்டு போகச் சம்மதம். அப்பா மட்டும் பிடிகொடுக்கலை. மெடிக்கல்ல கேட்டு அஞ்சு நாள் மாத்திரை வாங்கிப் போட்டாவ, சீழ் ருசி போயிட்டு, "எல்லாம் சரியாப் போச்சு, இனி எதுக்கு"ங்காவ. என்ன சொல்ல? இன்னொண்ணு, சுகருக்கும் இதுக்கும் என்ன தொடர்புன்னு விவரமாச் சொன்னா அவங்களுக்கு உறைக்கும்.

---

ஹைகிரவுண்டு ரோடு பதில்:

மாத்திரை சீழை அடக்கும், இருப்பிடத்தை அழிக்காது. பைக்குள் கிருமிகள் ஒட்டுப்பசையான ஒரு படலத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ரத்தத்தில் வரும் மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக நுழைவதில்லை. காரையும் அப்படியே இருக்கிறது. சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். அதைக் கையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இந்த மாதிரி அரைகுறையாக மாத்திரை போட்டுப் பழகினால் நிஜமாகவே தேவைப்படும் அன்று அது கேட்காது. மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால், அது உடம்பில் இருக்கும்போது சாராயம் பக்கமே போகக்கூடாது, வாந்தியும் படபடப்பும் வரலாம். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சலோ, வாய் திறக்க, விழுங்கச் சிரமமோ வந்தால் நாள் பார்க்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

---

பொருநைக்கரை பதில்:

சுகர் விஷயம் ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி. சுகர் ஏறி நின்னா ஈறுல கிருமியை எதிர்க்கிற பலம் குறையும், புண் ஆறுறதும் தாமதப்படும். ஈறுல எப்பவும் வீக்கம் இருந்தா இன்சுலின் சரியா வேலை செய்யாது, அதனால சுகர் இறங்காது. முற்றின ஈறு நோய் இருந்த சுகர்க்காரங்களுக்கு ஈறுக்கடியில சுத்தம் பண்ணினா, HbA1cங்கிற மூணு மாசச் சராசரி சுகர் டெஸ்ட் அளவு மூணு நாலு மாசத்துல 0.4 போல இறங்குதுன்னு பல ஆய்வைச் சேத்துப் பாத்ததுல தெரியுது. 8.5 இருந்தவருக்கு 8.1னா சின்னக் கணக்கில்லை. அப்பாகிட்ட பல்லைப் பத்திப் பேசாதீங்க, இந்த நம்பரைக் காட்டுங்க. இப்ப ஒரு டெஸ்ட் எடுத்து வச்சுக்கிட்டு, சுத்தம் பண்ணி மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க. சுகர் டாக்டர்கிட்டயும் சொல்லிருங்க, இறங்கும்போது மாத்திரை அளவு பாக்கணும்.

ஒரு தடவை சுத்தம் பண்ணினதோட ஆச்சுன்னு விட்டா வேலைக்காகாது. அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ போதும். அப்பாவுக்கு முதல் வருஷம் 3 மாசத்துக்கு ஒருக்க. பையில கிருமி பழையபடி கூடு கட்ட அவ்வளவு நாள்தான் எடுக்கும். பீடியை ஒரேயடியா விட முடியலைன்னா சுகர் டாக்டர்கிட்டயே கேளுங்க, நிக்கோடின் சூயிங்கம் மாதிரி வழி இருக்கு.

அப்புறம், அந்த ரெண்டு பல்லையும் நாக்கால தள்ளித் தள்ளிப் பாக்கிறதை இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. எலும்பு ஏற்கெனவே கம்மியா இருக்கிற இடம். கட்டுக்கம்பி போடுற வரைக்கும் முறுக்கு, கரும்பு எல்லாத்தையும் கடவாப்பல்லுக்கு விட்டுருங்க, அதுவும் இடது பக்கம்.